முதல் பிராங்ஹார்ன் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா?

வெண்பனி (லாரமி, வயோமிங்):

அனைவருக்கும் வணக்கம். வயோமிங் மாநிலத்தின் இவ்வாண்டுக் குலுக்கலில் எனக்கு ஒரு பிராங்ஹார்ன் (சமவெளிகளில் வாழும் மான் போன்ற விலங்கு) பெண்மான் உரிமம் கிடைத்துள்ளது. வேட்டைப் பகுதி ஷர்லி பேசின் பக்கம் இருக்கிறது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் பெற்றுவிட்டேன். .22 ரிம்ஃபயர் துப்பாக்கியால் இலக்குச் சுடுவதில் ஓரளவு பழக்கம் உண்டு. உயிருள்ள விலங்கை நோக்கிச் சுடப்போவது இதுவே முதல் முறை என்பதால், துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்பட விரும்பவில்லை.

நான் ஐந்தடி ஓர் அங்குல உயரம். உடன் பணிபுரியும் ஒருவர் தம்முடைய .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டாவுக்கான துப்பாக்கியை இரவல் தர முன்வந்திருக்கிறார். அதைச் சுட்டுப் பார்த்தபோது கட்டை (தோளில் பதியும் பின்பகுதி) எனக்கு நீளமாகவும், உதை தோளுக்குப் பெரிதாகவும் இருந்தது. கடைக்காரர் 6.5 கிரீட்மூர் தோட்டாவைத் தவிர வேறெதையும் பேச மறுக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ பிராங்ஹார்னுக்கு .25-06 ரெமிங்டனை விட்டால் வேறில்லை என்கிறார். .243 வின்செஸ்டர் போதும் என்று சொல்பவர்களும் பலர். என்னால் ஒரு துப்பாக்கிதான் வாங்க முடியும். பின்னாளில் அதே துப்பாக்கியைக் கொண்டு மியூல் மானையும் வேட்டையாட எண்ணம் உண்டு. எல்க் (பெரிய மான் வகை) என் திட்டத்தில் இல்லை.

எந்தத் தோட்டா, அதன் முனையில் எத்தகைய குண்டு, எவ்வளவு தூரம் வரை சுடுவது நியாயம் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

மேட்டுநிலத்தான் (காஸ்பர், வயோமிங்):

வாழ்த்துகள், சகோதரி. உரிமம் கிடைத்ததே பெரிது. 2022-23 குளிர்காலத்தில் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பிராங்ஹார்ன்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பைன்டேல் வட்டாரத்தில் பனியோடு நுரையீரல் நோயும் சேர்ந்துகொண்டதால், அதன்பின் அங்கே உரிமங்கள் வெகுவாகக் குறைக்கப்பட்டன. ஆகவே கையில் உள்ள உரிமத்தை மதிப்போடு பயன்படுத்த வேண்டும் என்று நீங்கள் நிதானமாகக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தோட்டாவுக்கு முன்னால் விலங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நன்கு வளர்ந்த ஆணே 50, 60 கிலோவைத் தாண்டுவது அரிது. பெண்மான் 40 கிலோவையொட்டி இருக்கும். தோல் மெல்லியது, எலும்பு இலேசானது. இதை வீழ்த்தப் பெரும் ஆற்றல் தேவையில்லை. ஆனால் இதயமும் நுரையீரலும் அடங்கிய மார்புப் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம்தான். மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய இவ்விலங்குக்குக் குண்டு தவறான இடத்தில் பட்டால், மறைவே இல்லாத சமவெளியில் அது கண்ணுக்குத் தெரிந்தபடியே மைல்கணக்கில் ஓடிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே இங்கே நமக்கு வேண்டியது வலிமை அன்று, குறி.

குறி என்று வந்தால், தோட்டாவின் பெயரைவிடத் துப்பாக்கி உங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா என்பதே முதல் கேள்வி. பெரும்பாலான துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் அடிப்பகுதி வரையிலான நீளம் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். உங்கள் உயரத்துக்கு அது அதிகம். கட்டை நீளமாக இருந்தால் தலையை முன்னே நீட்டித்தான் ஸ்கோப்பை (துப்பாக்கியின் மேல் பொருத்திய, குறிபார்க்கும் தொலைநோக்கியை) பார்க்க வேண்டியிருக்கும். கழுத்து இறுகும், உதையும் தோளின் குழியில் இறங்காமல் கையின் மேற்பகுதியில் வந்து இடிக்கும். நீங்கள் .30-06-இல் உணர்ந்ததில் பாதி, தோட்டாவின் குற்றமாக இராமல் கட்டையின் குற்றமாக இருக்கலாம். ரூகர் அமெரிக்கன், டிக்கா டி3எக்ஸ் ஆகிய இரண்டு துப்பாக்கிகளும் பன்னிரண்டரை அங்குலத்தை ஒட்டிய குறுகிய கட்டையோடு கிடைக்கின்றன. கடையில் கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வையுங்கள். பிறகு கண்களைத் திறங்கள். ஸ்கோப்பின் வட்டம் முழுவதும் வெளிச்சமாகத் தெரிந்தால் அது உங்களுக்கு உரியது. ஓரத்தில் கருமை தெரிந்தால் அடுத்ததை எடுங்கள்.

தோட்டாவைப் பொறுத்தவரை உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு நான் உடன்படுகிறேன். .25-06 இந்தச் சமவெளிக்கென்றே செய்ததுபோல் இருக்கும். 115, 117 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு) குண்டு விநாடிக்கு 3,000 அடியை ஒட்டிய வேகத்தில் புறப்படுகிறது, உதையோ .30-06-இன் உதையில் மூன்றில் இரண்டு பங்குதான். 1925-இல் வந்த .270 வின்செஸ்டரும் அதே வகைதான், சற்றே கூடுதல் உதையோடு. ஜாக் ஓ'கானர் பல பத்தாண்டுகள் 'அவுட்டோர் லைஃப்' இதழில் அதைப் புகழ்ந்து எழுதியதால் மட்டும் அது நிலைத்துவிடவில்லை. இவ்வூர்களில் பாட்டனார் காலத்து .270 இன்றும் ஒவ்வொரு பருவத்திலும் பிக்கப் வண்டியில் ஏறுகிறது.

கணக்கர் (டென்வர், கொலராடோ):

மேட்டுநிலத்தான் ஐயா கட்டையின் நீளத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தோட்டா விஷயத்தில் மாறுபடுகிறேன். காரணத்தைக் கணக்கோடு வைக்கிறேன்.

குண்டு எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்தே பிராங்ஹார்ன் தோட்டாக்களைப் பேசுவது பழைய வழக்கம். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்ட காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. சமவெளியில் மரமோ வீடோ இல்லாததாலும், விலங்கு சிறியதாக இருப்பதாலும், உண்மையில் 200 கஜத்தில் நிற்பதை 300 கஜம் என்று எண்ணுவது புதியவர்களுக்கு இயல்பு. இன்று லேசர் தூரமானி அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. எல்லாத் துப்பாக்கிகளையும் 200 கஜத்தில் சரியாகப் படும்படி அமைத்தால், 300 கஜத்தில் .270-இன் 130 கிரெயின் குண்டு சுமார் ஆறரை அங்குலம் தாழ்கிறது; .25-06 சுமார் ஏழு; .243-இன் 100 கிரெயின் ஏழு, ஏழரை, 6.5 கிரீட்மூரின் 143 கிரெயின் ஏறக்குறைய எட்டு. இந்த முழு வரிசைக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒன்றரை அங்குலம் மட்டுமே. தூரம் தெரிந்துவிட்டால் அந்த ஒன்றரை அங்குலத்துக்குப் பொருளே இல்லை.

காற்று அப்படியன்று. வயோமிங்கில் பகல் பத்து மணிக்கு மேல் மணிக்கு 15, 20 மைல் காற்று என்பது வழக்கமான நாள். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 300 கஜத்தில் .243-இன் வழக்கமான 100 கிரெயின் குண்டை ஏழு அங்குலத்தை ஒட்டித் தள்ளுகிறது. .30-06-இன் 150 கிரெயின் கூர்முனைக் குண்டுக்கு அது எட்டு அங்குலத்தைத் தாண்டும். நீண்டு ஒடுங்கிய 6.5 குண்டுக்கு ஐந்து அங்குலம். காற்று 20 மைலானால் இவை அனைத்தும் இரட்டிப்பாகும். வட்டத்தின் நடுவிலிருந்து நமக்கு இருக்கும் இடம் இருபுறமும் நான்கு அங்குலம்தான் என்பதை நினைவில் கொண்டால், இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்பது புரியும். காற்றை அளக்கும் கருவி நாம் நிற்கும் இடத்தின் காற்றை அளக்கும். இடையில் உள்ள பள்ளத்திலும், மான் நிற்கும் மேட்டிலும் வீசுவதை அளக்காது. ஆகவே நம் மதிப்பீட்டில் தவறு நேர்ந்தாலும் அந்தத் தவறைச் சிறியதாக்கும் குண்டே எனக்கு உயர்ந்தது. அதனால்தான் 6.5 கிரீட்மூர்.

(மேலே சொன்ன எண்கள் கடல்மட்டத்துக்கு உரியவை. ஷர்லி பேசின் 7,000 அடி உயரத்தை ஒட்டியது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் காற்று தள்ளும் அளவும் அந்த விகிதத்தை ஒட்டிக் குறையும். தாழ்வும் சற்றுக் குறையும்.)

மேட்டுநிலத்தான்:

கணக்கர் தம்பி, உங்கள் எண்களில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலிருந்து நீங்கள் எடுத்த முடிவில்தான் மறுப்பு. 20 மைல் காற்றில் 300 கஜத்துக்கு உங்கள் 6.5 குண்டே பத்து அங்குலம் நகர்கிறது என்றால், முதல் வேட்டைக்காரர் அந்தத் துப்பாக்கியோடும் 300 கஜத்தில் சுடக்கூடாது என்பதுதானே அதன் பொருள்? காற்று தள்ளுவது தூரத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. தூரம் இரட்டித்தால் அது நான்கு மடங்கையும் தாண்டுகிறது. 150 கஜத்துக்குள் போய்விட்டால் 10 மைல் காற்று .243 குண்டைக்கூட ஒன்றரை அங்குலத்தை ஒட்டித்தான் தள்ளும். நல்ல குண்டு வாங்கித் தருவதைவிடப் பல மடங்கு கூடுதலாக, முழங்காலில் ஊர்ந்து கடக்கும் நூறு கஜம் வாங்கித் தருகிறது.

இன்னொன்று. காற்றுக்கு எதிராக நெருங்கினால் நம் வாடை மானை எட்டாது என்பது எல்லோரும் அறிந்தது. அப்படி நெருங்கும்போது காற்று நம் முகத்தில் நேராக வீசுகிறது. குண்டும் காற்றோட்டத்தின் கோட்டிலேயே பறக்கிறது. பக்கவாட்டில் தள்ளுவது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. பிராங்ஹார்ன் மூக்கைவிடக் கண்ணை நம்பும் விலங்கு என்பதால் பலர் காற்றின் திசையைப் பொருட்படுத்தாமல், நிலத்தின் மறைவை மட்டும் பார்த்து வழி தேர்ந்தெடுக்கிறார்கள். சுடும் கணத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பதையும் புறப்படும்போதே எண்ணி வழியைத் தேர்ந்தால், 6.5-க்கும் .25-06-க்கும் இடையிலான வழக்கு தானாகவே கரைந்துவிடும்.

ஷர்லி பேசின் தூரத்திலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும். கால் வைத்து நடந்தால்தான் ஒவ்வொரு அரைமைலுக்கும் ஒரு மடிப்பு, ஒரு வறண்ட ஓடை, ஒரு சிறு மேடு இருப்பது தெரியும். செஜ்பிரஷ் புதர் முழங்கால் உயரம்தான். அதற்குள் முட்கள் நிறைந்த சப்பாத்திக் கள்ளி தரையோடு தரையாகக் கிடக்கும். முழங்காலுக்குத் தடித்த உறையும், கைக்குத் தோலுறையும் இல்லாமல் போகாதீர்கள். ஊரும்போது குழலில் தோட்டா இருக்கக்கூடாது; குழல்வாயில் மண் புகாதபடி ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுங்கள்.

கௌரி (பில்லிங்ஸ், மொன்டானா):

தோட்டாவின் பெயரைப் பற்றி இருவரும் விரிவாகப் பேசிவிட்டதால், நான் குண்டைப் பற்றிப் பேசுகிறேன். சமைத்து உண்பதற்காக வேட்டையாடுகிறவள் நான். பிராங்ஹார்ன் இறைச்சியில் வாடை அடிக்கும் என்று இங்கே பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் மான் அல்ல, குண்டும் வெயிலும்தான்.

பிராங்ஹார்ன் மெல்லிய விலங்கு. அதன் மார்பு எதிரே வைக்கும் தடை குறைவு. ஆகவே எல்க்குக்கும், பெரிய மான் இனமான மூஸுக்கும் எழுதப்பட்ட அறிவுரையை இதற்குப் பொருத்தக்கூடாது. ஜான் நாஸ்லர் 1940-களில் பார்ட்டிஷன் குண்டை உருவாக்கியது, சேறு காய்ந்த மூஸ் தோலில் சாதாரணக் குண்டுகள் உள்ளே போகாமல் தோற்றதைக் கண்ட பிறகுதான். அந்த உறுதி இங்கே தேவைப்படுவதில்லை. மறுபுறம், மிக வேகமாகச் சிதறும் குண்டு 100 கஜத்தில் தோள்பட்டையில் பட்டால் முன்னங்கால் இறைச்சி முழுவதும் இரத்தம் கட்டிப்போய்ப் பயன்படாது. 40 கிலோ விலங்கில் இரண்டு முன்னங்கால்களை இழப்பது மிகப் பெரிய இழப்பு.

இதற்கு நடுவில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தாமிர உறைக்குள் ஈயம் வைத்த சாதாரண மென்முனைக் குண்டு. நடுத்தர எடை, நடுத்தர வேகம். .243 என்றால் 95 அல்லது 100 கிரெயின், 6.5 என்றால் 129 முதல் 143 வரை, .25-06 என்றால் 115 முதல் 120 வரை. தோளில் சுடாமல் தோளுக்குப் பின்னால் சுட்டால் இவை விலா எலும்பையும் நுரையீரலையும் கடந்து வெளியேறும். இறைச்சி அதிகம் கெடாது. மற்றொன்று, பார்ன்ஸ் நிறுவனத்துடையது போன்ற முழுத் தாமிரக் குண்டு. அது முன்முனையில் இதழ்களாக விரியும், துண்டுகளாக உடையாது. தாமிரம் ஈயத்தைவிட இலேசு என்பதால் எடையில் ஒரு படி குறைவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்: .243-க்கு 80 அல்லது 85, 6.5-க்கு 120. வேகம் குறைந்தால் விரியாது என்பதே அதன் ஒரே பலவீனம். நீங்கள் சுடப்போகும் தூரத்தில் அந்தச் சிக்கல் எழாது.

நான் தாமிரத்துக்கு மாறிவிட்டேன். காரணத்தையும் ஒளிவின்றிச் சொல்கிறேன். ஈயக் குண்டு உடையும்போது அதன் நுண்துகள்கள் காயத்தைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்கும் இறைச்சியில் பரவுகின்றன. நாம் வேட்டை நிலத்தில் விட்டுவரும் குடல் குவியலை முதலில் தேடிவருவது கழுகுகளும் காகங்களும்தான். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. வயோமிங்கில் அப்படிப் பொதுத்தடை எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் சிறு பிள்ளைகள் உண்ணப்போகும் இறைச்சி என்றால் சட்டம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வெயிலைப் பற்றியும் சொல்கிறேன். பருவத்தின் தொடக்கத்தில் காலையில் உறைபனி இருந்தாலும் நண்பகலில் 25 டிகிரியைத் தொடலாம். பிராங்ஹார்னின் மயிர் உள்ளே துளையுள்ளது. உடல் வெப்பத்தை அப்படியே பிடித்துவைக்கும். குடலை நீக்கியவுடன் தோலையும் உரித்து, பருத்தித் துணிப் பைக்குள் இறைச்சியை வைத்து, பனிக்கட்டி நிரப்பிய பெட்டிக்குள் கொண்டுபோய்விட வேண்டும். தோல் உரிக்கும்போது மயிர் இறைச்சியில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய மயிரைப் பிறகு எடுப்பது பெரும்பாடு. மாநில விதிப்படி, இறைச்சியை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும்வரை பெண்மான் என்பதற்கான உடற்சான்றையும் அதனோடு விட்டுவைக்க வேண்டும்.

சுடர் (ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ):

இரண்டு கேள்விகள். உதை இவ்வளவு முக்கியம் என்றால் .223 ரெமிங்டனை ஏன் யாருமே பேசவில்லை? அடுத்து, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். என்னால் சட்டப்படி துப்பாக்கி வாங்கி இத்தகைய வேட்டைக்குச் செல்ல முடியுமா?

கணக்கர்:

முதல் கேள்விக்கு விடை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வயோமிங்கில் பிராங்ஹார்னுக்கும் மானுக்கும் .22 விட்டமும், குறைந்தது 60 கிரெயின் எடையுள்ள விரியும் குண்டும், இரண்டு அங்குலத் தோட்டா நீளமும் இருந்தால் போதும்; .22 ஹார்னட் மட்டும் விலக்கு. நீங்கள் இருக்கும் கொலராடோவில் விட்டம் குறைந்தது .24 ஆகவும், குண்டின் எடை 70 கிரெயினுக்குக் குறையாமலும், 100 கஜத்தில் ஆற்றல் 1,000 அடி-பவுண்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஆகவே .223 அங்கே சட்டப்படியே செல்லாது. சட்டம் இடம் தரும் வயோமிங்கிலும் நான் அதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். காற்றில் அது நிலைகொள்ளாது. குண்டு சற்றே தள்ளிப் பட்டாலும் அதை ஈடுகட்டும் வலு அதனிடம் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு: வேலை விசா போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதே சட்டம் விதிவிலக்கு அளிக்கிறது. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும் என்பதால், இரவல் வாங்கிச் சுடுவதற்கு முன்பும் அதைக் கவனியுங்கள். உங்கள் குடியேற்ற நிலையே இதில் அடங்கியிருப்பதால், வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்துமூலம் கேட்டுக்கொண்ட பிறகே பணம் செலவிடுங்கள்.

வெண்பனி:

ஒவ்வொருவரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. மேட்டுநிலத்தான் ஐயா சொன்னபடி கண்களை மூடித் தோளில் வைத்துப் பார்த்தேன். குறுகிய கட்டையுள்ள ஒரு சிறிய துப்பாக்கி உடனே பொருந்தியது. அது .243-இலும் 6.5 கிரீட்மூரிலும் கிடைக்கிறது; .25-06-இல் அந்த வடிவம் கடையில் இல்லை. குழல் 18 அங்குலம்தான். இதனால் கணக்கர் ஐயா தந்த எண்கள் மாறுமா? மேலும், கௌரி அக்கா சொன்ன தாமிரக் குண்டைப் பயன்படுத்துவதாக இருந்தால் இவ்விரண்டில் எது மேல்?

கணக்கர்:

மாறும், நல்ல கேள்வி. தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. குழல் ஓர் அங்குலம் குறையும்போது விநாடிக்கு 20 முதல் 30 அடி வரை வேகம் குறைவது பொதுவான அனுபவம். ஆகவே பெட்டியில் 2,700 அடி என்றிருந்தால் உங்கள் கையில் அது 2,550 ஆகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். .243 தன் வேகத்தை நம்பி வாழும் தோட்டா. குறுகிய குழல் அதன் தனிச்சிறப்பையே சற்று மழுக்கிவிடுகிறது. 6.5-இன் சிறப்போ குண்டின் வடிவில் இருக்கிறது, அதைக் குழலின் நீளம் தொடுவதில்லை. மியூல் மானும் உங்கள் எண்ணத்தில் இருப்பதால், 6.5-இல் 120 கிரெயினை ஒட்டிய தாமிரக் குண்டு இரண்டுக்கும் பொருந்தும். அந்த எடையில் உதையும் 143 கிரெயினைவிடச் சற்று மென்மையாக இருக்கும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் வைத்துவிடுகிறேன். இலேசான சிறிய துப்பாக்கியில் எந்தத் தோட்டாவும் சற்றுக் கூடுதலாகவே உதைக்கும்; .243-இன் உதை 6.5-ஐவிடத் தெளிவாகக் குறைவு. இரண்டையும் சுட்டுப் பார்க்க வாய்ப்பிருந்து, .243-இல் மட்டும்தான் விசையை அமைதியாக அழுத்த முடிகிறது என்று கண்டால், நான் எழுதிய காற்றுக் கணக்கு முழுவதையும் ஒதுக்கிவிட்டு .243-ஐ வாங்குங்கள்.

தோட்டாவை நாமே நிரப்பும் வேலையை இந்த ஆண்டு தொடங்க வேண்டாம். தொழிற்சாலைத் தோட்டாவில் இரண்டு மூன்று வகைகளை ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் குழலில் எதன் குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். எது 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுகிறதோ, அதே தொகுதி எண்ணில் இன்னும் சில பெட்டிகள் வாங்கிப் பருவம் முடியும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பில் 3-9 உருப்பெருக்கம் போதும். பெரிய ஸ்கோப்பின் எடை சிறிய துப்பாக்கியின் சமநிலையைக் கெடுக்கும்.

மேட்டுநிலத்தான்:

தம்பியின் கடைசிப் பதிவில் ஒவ்வொரு வரியையும் ஏற்கிறேன். .25-06 உங்களுக்குப் பொருந்தும் கட்டையில் கிடைக்கவில்லை என்றால் அதற்காக வருந்த வேண்டாம்.

இனி பயிற்சி. மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடுவது துப்பாக்கியைச் சோதிப்பதற்கு மட்டுமே. அது சுடுபவரைச் சோதிப்பதில்லை. ஷர்லி பேசினில் மேசை கிடையாது. படுத்தபடி முதுகுப்பையின் மேல் வைத்துச் சுடுவதே மிக உறுதியானது. ஆனால் செஜ்பிரஷ் பெரும்பாலும் குழலை மறைத்துவிடும் என்பதால், உட்கார்ந்து குச்சித் தாங்கியில் வைத்துச் சுடுவதைத்தான் நீங்கள் அதிகம் நம்ப வேண்டியிருக்கும். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டை நிறுத்துங்கள். உட்கார்ந்த நிலையில், சற்று மூச்சு வாங்க நடந்துவந்த பிறகு, ஒரு குண்டுகூடத் தவறாமல் எந்தத் தூரம் வரை தட்டில் போட முடிகிறதோ, அதுவே உங்கள் எல்லை. அது 150 கஜமாக இருந்தால் 150 கஜம்தான். வீட்டில் தோட்டா இல்லாத துப்பாக்கியை இருமுறை சரிபார்த்துவிட்டு, சுவரை நோக்கித் தினமும் சில நிமிடம் விசையை அழுத்திப் பழகுவது, செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம்.

200 கஜத்துக்கு ஸ்கோப்பை அமைத்தால் 100 கஜத்தில் குண்டு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே படும். அப்படி அமைத்துவிட்டால் 200 கஜத்துக்கு உள்ளே எங்கும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. நடுவில் குறி வைத்துச் சுடலாம். குறி வைக்க வேண்டிய இடம், பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. இதயம் தாழ்ந்தே இருக்கிறது. உயர்த்திச் சுடும் ஆசை வேண்டாம். ஓடும் மானை நோக்கி ஒருபோதும் சுடாதீர்கள். பிராங்ஹார்ன் சற்றுத் தூரம் ஓடி நின்று திரும்பிப் பார்க்கும் இயல்புடையது. காத்திருந்தால் மறுபடியும் வாய்ப்பு வரும்.

புதியவர்கள் அதிகம் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. இவ்விலங்கு கூட்டமாக நிற்கும். குண்டோ பெரும்பாலும் மறுபுறம் வெளியேறும், தாமிரக் குண்டு நிச்சயமாக வெளியேறும். நீங்கள் குறிவைத்த மானுக்குப் பின்னால் இன்னொன்று நின்றால், ஒரு குண்டில் இரண்டு உயிர் போகும். உங்களிடம் இருப்பதோ ஓர் உரிமம். தனித்து நிற்கும்வரை விரலை விசைக்கு வெளியே வைத்திருங்கள். வானத்தின் விளிம்பில் நிற்கும் மானையும் விட்டுவிடுங்கள். பின்னால் மண் இல்லாத குண்டு மைல்கணக்கில் போகும். பெண்மானுக்கும் சில வேளைகளில் சிறு கொம்பு இருக்கும் என்பதால் கொம்பை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆணின் தாடையோரம் கறுப்புத் திட்டு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. இருநோக்கியால் அதைத் தெளிவாகப் பார்த்த பிறகே துப்பாக்கியை எடுங்கள்.

வெண்பனி:

6.5 கிரீட்மூரையே வாங்கிவிட்டேன். இரண்டையும் சுட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. உதையில் வேறுபாடு தெரிந்தாலும் 6.5 எனக்குச் சுமையாகத் தோன்றவில்லை. 120 கிரெயின் தாமிரக் குண்டு இரண்டு வகை வாங்கியதில் ஒன்று நெருக்கமாக விழுகிறது. காகிதத் தட்டுச் சோதனையில், உட்கார்ந்த நிலையில் 150 கஜம் வரை நம்பிக்கை வந்திருக்கிறது. 200 இன்னும் வரவில்லை. கடைசியாக ஒன்று: வேட்டைப் பகுதிக்குச் செல்லும் பாதை முழுவதும் கரடுமுரடான மண்சாலை. ஸ்கோப் நகர்ந்துவிடுமா? அங்கே போன பிறகு ஒருமுறை சுட்டுச் சரிபார்க்க வேண்டுமா, அல்லது அந்தச் சத்தம் மான்களைக் கலைத்துவிடுமா?

மேட்டுநிலத்தான்:

கட்டாயம் சரிபாருங்கள். ஆனால் வேட்டை நடக்கும் இடத்தில் வேண்டாம். முதல் நாள் மாலையே போய்விடுங்கள். மான்கள் இருக்கும் படுகையிலிருந்து சில மைல் தள்ளி, சுடுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் பொது நிலத்தில், பின்னால் உயர்ந்த மண்மேடு உள்ள இடமாகப் பார்த்து, 100 கஜத்தில் அட்டையை நிறுத்தி, குழல் முழுவதும் குளிர்ந்திருக்கும் நிலையில் ஒரு குண்டு சுடுங்கள். வேட்டையில் மானை நோக்கிச் சுடப்போவதும் அப்படிக் குளிர்ந்த குழலின் முதல் குண்டைத்தான். அது நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் பட்டால் மேற்கொண்டு சுட வேண்டாம், குழலைத் துடைக்கவும் வேண்டாம், உறையிலிட்டு வையுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் விலகியிருந்தால், ஸ்கோப்பைத் திருகுவதற்கு முன் அதைத் தாங்கும் வளையங்களின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மண்சாலையில் தளர்வது பெரும்பாலும் அவைதான். அவற்றை இறுக்கும் சிறு சாவியை வண்டியில் மறக்காமல் வையுங்கள். ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு ஒளிர்நிற மேலாடை சட்டப்படி கட்டாயம் என்பதால் அதையும் அந்தப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

150 கஜம் போதுமான தூரம்தான். 200-க்காகப் பயிற்சியைத் தொடருங்கள்; பருவத்துக்குள் வராவிட்டால் 150-க்குள் நெருங்கும் வழியைத் தேடுங்கள். நிலப்படத்தை இங்கே பகிர விரும்பாவிட்டால் தனிமடலில் அனுப்புங்கள். காற்று வழக்கமாக மேற்கிலிருந்து வரும். அதை வைத்து எந்த ஓடையில் புகுந்து எங்கே தலை தூக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.